மழை பெய்தால் எதைப் பார்ப்பது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மழைக்கால முன்னேற்பாடுகள் பற்றிய விவாதத்துக்குப் பிறகு, பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

இவ்வளவு நேரம் மோட்டார், ஜெனரேட்டர், மொட்டை மாடி வடிகால் என்று முக்கியமான விஷயங்களைப் பேசினீர்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தை எனக்குக் கொடுத்து, "சார், கொஞ்சம் லைட்டா ஏதாவது பேசுங்க" என்றார்கள். நான் பி.காம். படித்தவன், முப்பத்து நாலு வருஷம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்தவன். எனக்கு லைட்டாகத் தெரிந்தது ஒன்றுதான், டி.வி. தொடர். அதிலும் கணக்கு வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை என்பது அக்டோபர், நவம்பர், டிசம்பர். மொத்தம் 92 நாள். அதில் வீட்டை விட்டு வெளியே போக முடியாத நாள் எப்படியும் பத்துப் பதினைந்து வரும். அந்த நாட்களில் நாம் என்ன செய்கிறோம்? செய்திச் சேனலைப் போட்டு உட்கார்கிறோம். எங்கோ ஒரு சுரங்கப்பாதையில் பஸ் மாட்டிக்கொண்ட காட்சியை, அதே காட்சியை, ஒரு மணி நேரத்தில் இருபது தடவை காட்டுகிறார்கள். நடுவே வாட்ஸ்அப்பில் ஏரி உடைந்துவிட்டது என்று ஒரு ஃபார்வர்டு. தேதி பார்த்தால் 2015. மழை எச்சரிக்கை தெரிந்துகொள்ள வேண்டியதுதான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வானிலை அறிக்கை பார்த்தால் போதும். மிச்ச நேரத்துக்கு என்ன என்பதுதான் என் பேச்சு.

முதலில் நீளத்தைப் பாருங்கள். தொடர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி, முதிர்வுத் தேதி தெரியும். இன்னொன்று வீட்டுக் கடன் மாதிரி, கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 'கோலங்கள்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளுக்கு மேல். விளம்பரம் போக ஒரு பகுதி இருபது நிமிடம் என்று வைத்தாலும் ஐந்நூறு மணி நேரம். தினம் எட்டு மணி நேரம், அதாவது ஆபீஸ் போவது போலப் பார்த்தால் அறுபத்திரண்டு நாள். மழைக்காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தேவயானியோடு போய்விடும். நல்ல தொடர் இல்லை என்று சொல்லவில்லை. அது 2003-லிருந்து 2009 வரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்த தொடர். மாத்திரையைத் தினம் ஒன்று சாப்பிடுவதுபோல் பார்க்க வேண்டியதை மொத்தமாக விழுங்கக் கூடாது.

இதே கணக்கை 'மெட்டி ஒலி'க்குச் சொன்னபோது என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் நடித்தாரே, திருமுருகன் இயக்கியது, 2002-இல் சன் டி.வி.யில் ஆரம்பித்தது. அதுவும் எண்ணூறு பகுதிக்கு மேல்தான். ஆனால் அதை எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு, எந்த மாமியார் எப்படி என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். உறவுக்காரர் வீட்டுக்குப் போவதற்கு முன்கதை எதற்கு? 2020 ஊரடங்கில் அதை மறுபடி ஒளிபரப்பியபோது, எங்கள் மாடியில் மூன்று வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் அந்தப் பாட்டு கேட்டது.

இனி என் பட்டியல். தர வரிசை இல்லை, நினைவுக்கு வரும் வரிசை.

முதலில் 'மால்குடி டேஸ்'. ஆர்.கே. நாராயண் எழுதியது, சங்கர் நாக் இயக்கியது, தூர்தர்ஷனில் எண்பதுகளில் வந்தது. படம் பிடித்த இடம் கர்நாடகத்தில் ஆகும்பே. தென்னிந்தியாவில் அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று அது. அதனால் மழைநாளில் பார்க்க இதைவிடப் பொருத்தமான தொடர் கிடையாது. இசை நம் எல். வைத்தியநாதன், கோட்டோவியம் ஆர்.கே. லக்ஷ்மண். நம்மில் பாதிப் பேருக்கு அப்போது இந்தி தெரியாது. தெரியாமலே பார்த்தோம். சுவாமியின் முகமே போதுமாக இருந்தது. அந்தப் பையன் மாஸ்டர் மஞ்சுநாத், அப்பாவாக வந்தவர் கிரீஷ் கர்னாட். ஒவ்வொரு பகுதியும் அரை மணிக்குள் முடிந்துவிடும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நாளில் அது பெரிய வசதி.

அதில் ஒரு கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'மிஸ்ஸிங் மெயில்' என்ற கதை. தாணப்பா என்று ஒரு தபால்காரர். எந்த வீட்டுக்குப் போனாலும் நின்று நாலு வார்த்தை பேசாமல் நகரமாட்டார். ராமானுஜம் என்பவர் வீட்டில் பெண்ணுக்கு வரன் தேடி அலைகிறார்கள். ஒரு வழியாக அமைகிறது. குறிப்பிட்ட தேதியில் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும், விட்டால் இந்த வரன் கைநழுவிப் போகும் என்ற நிலை. அந்தச் சமயத்தில் சேலத்திலிருந்து கடிதம் வருகிறது, நெருங்கிய உறவினர் கவலைக்கிடம் என்று. அடுத்து இறந்துவிட்டார் என்று தந்தி. தாணப்பா இரண்டையும் கொடுக்கவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு கொண்டுவந்து கொடுக்கிறார். நீங்கள் புகார் எழுதினால் என் வேலை போகும், எழுதுங்கள் என்கிறார். ராமானுஜம் எழுதவில்லை.

இதை முதலில் பார்த்தபோது நான் வங்கியில் சேர்ந்து சில வருஷம்தான். எனக்குக் கோபம் வந்தது. வாடிக்கையாளருக்கு வந்த தபாலைத் தடுத்து வைப்பது எவ்வளவு பெரிய குற்றம்! மெமோ, சஸ்பென்ஷன், விசாரணை எல்லாம் உண்டு. எந்த அதிகாரத்தில் ஒரு கடைநிலை ஊழியர் இன்னொருவர் எப்போது அழவேண்டும் என்று முடிவு செய்கிறார்? போன வருஷம் மறுபடி பார்த்தோம். என் மனைவி, "அவர் செஞ்சது சரிதான்" என்றாள். நான், "ரூல் ரூல்தான்" என்றேன். பேச்சு ராத்திரிச் சாப்பாடு வரை போனது.

ஆனால் அந்தக் கதை என் மனசில் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் ஏரியாவில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு அம்மா, பெயர் வேண்டாம், இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்த போனில் வெளிநாட்டில் இருக்கும் மகனிடம், "இங்க எல்லாம் வந்தாச்சுப்பா, நான் டி.வி. பார்த்துண்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கேன் கொடுக்கப் போனவன், வாசலில் நின்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக் கையை உதட்டில் வைத்துக் காட்டினார். அந்தப் பக்கம் மகன் எதை மறைத்தானோ, நமக்குத் தெரியாது. நம் அடுக்ககத்தில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாகவோ இரண்டு பேராகவோ இருக்கும் வீடுகளை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாணப்பா இருக்கிறார்.

இதே 'மால்குடி'யில் 'மிட்டாய்வாலா' என்று ஒரு கதை பல பகுதிகளாக வரும். 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' நாவல்தான். மிட்டாய்க் கடை ஜகனின் பையன் அமெரிக்கா போகிறான். அவன் எழுதும் கடிதங்களை அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார். பையன் திரும்பி வந்த பிறகு, ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு இரண்டு பேராலும் பேச முடியவில்லை. நடுவில் ஒரு உறவுக்காரர் தூது போக வேண்டியிருக்கிறது. இதைப் பிள்ளைகள் ஊருக்கு வந்திருக்கும்போது கூட உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தனித்தனியாகப் பாருங்கள்.

அடுத்தது 'மர்மதேசம்'. தொண்ணூறுகளில் ராத்திரி இதைப் பார்த்துவிட்டுத் தனியாகப் பாத்ரூம் போகப் பயந்தவர்கள் இந்த ஹாலில் இருக்கிறார்கள், இப்போது அவர்களுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, பெரும்பாலும் நாகா இயக்கியது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை' என்று தனித்தனிக் கதைகள். ஒன்றே ஒன்று பார்க்க நேரம் என்றால் 'விடாது கருப்பு'. தப்பு செய்தவர்களைக் காவல் தெய்வம் குதிரையேறி வந்து தண்டிக்கிறது என்று ஊரே நம்புகிறது. உண்மை என்ன என்பது கடைசியில் தெரியும். முடிவைச் சொல்லமாட்டேன், பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்த்தவர்களும் தயவு செய்து சொல்லாதீர்கள்.

பார்த்தவர்கள் மறுபடி ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். முதல் தடவை நாம் வாடிக்கையாளர் மாதிரி பார்க்கிறோம், கடைசி பேலன்ஸ் எவ்வளவு என்பதில்தான் கண். இரண்டாவது தடவை ஆடிட்டர் மாதிரி. முடிவு தெரிந்துவிட்டதால் ஒவ்வொரு வவுச்சராக எடுத்துப் பார்க்கலாம். இந்த ஆள் ஏன் இந்த இடத்தில் தலையைத் திருப்பினார், அந்தப் பாட்டி ஏன் அப்படிச் சொன்னாள் என்று. நல்ல தொடர் என்றால் டாலி ஆகும். மோசமான தொடர் என்றால் இரண்டாவது தடவை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டாகத்தான் கிடக்கும். 'விடாது கருப்பு' எனக்கு டாலி ஆனது.

அதே நாகா இயக்கி 2024-இல் வந்தது 'தலைவெட்டியான் பாளையம்'. இந்தியில் வந்த 'பஞ்சாயத்' தொடரின் தமிழ் வடிவம். இன்ஜினீயரிங் படித்த பையன் வேறு வேலை கிடைக்காமல் கிராமத்தில் பஞ்சாயத்துச் செயலராகப் போகிறான். எட்டுப் பகுதி. என் அபிப்பிராயம், இந்தி மூலம் இன்னும் ஒரு படி மேல். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் மொழி புரிய வேண்டும் என்றால் தமிழ். எங்கள் கிளைக்கு முதல் போஸ்டிங்கில் வந்த புரொபேஷனரி ஆபீசர்கள் எல்லோரும் முதல் வாரம் அந்தப் பையன் முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

இனி எனக்குச் சொந்தமான விஷயம். 'ஸ்கேம் 1992'. ஹன்சல் மேத்தா இயக்கியது, 2020-இல் வந்தது, பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். சுசேதா தலால், தேபாஷிஸ் பாசு இருவரும் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது. ஹர்ஷத் மேத்தாவாகப் பிரதீக் காந்தி. பலர் என்னிடம், "சார், கதை ஜோரா இருக்கு, ஆனா அந்த பி.ஆர். என்னன்னே புரியலை" என்கிறார்கள். எளிமையாகச் சொல்கிறேன். ஒரு வங்கிக்கு அவசரமாகப் பணம் வேண்டும். தன்னிடம் இருக்கும் அரசாங்கப் பத்திரத்தை இன்னொரு வங்கிக்கு விற்கிறது, பதினைந்து நாள் கழித்துக் கொஞ்சம் கூட விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி. நகையை அடகு வைக்கிற மாதிரிதான். இதற்கு ரெடி ஃபார்வர்ட் என்று பெயர். நடுவில் ஒரு புரோக்கர். பத்திரத்தை ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு போகாமல், "விற்ற பத்திரம் என்னிடம் இருக்கிறது, பிறகு தருகிறேன்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதுதான் பேங்க் ரெசீப்ட், பி.ஆர். நகையே இல்லாமல் அடகுச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? அதைத்தான் இரண்டொரு சின்ன வங்கிகள் செய்தன. அந்தச் சீட்டை வைத்து வாங்கிய பணம் ஷேர் மார்க்கெட்டுக்குப் போனது. சென்செக்ஸ் 1992 ஏப்ரலில் 4,400-ஐத் தாண்டியது. பிறகு விழுந்தது.

இவ்வளவு தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தத் தொடர் இரண்டு மடங்கு சுவை. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. ஹர்ஷத் வரும்போதெல்லாம் அந்த இசையைப் போட்டு, அவரைக் கதாநாயகனாகவே ஆக்கிவிட்டார்கள். அந்த வருஷம் ஷேரில் போட்டுப் பி.எஃப். பணத்தை விட்டவர்களை நான் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்த இசையும் வாசிக்கவில்லை. இன்னொன்று, பேச்சு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், சின்னக் குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

பேரக் குழந்தைகளோடு, முக்கியமாகப் பேத்திகளோடு பார்க்க 'அயலி'. முத்துக்குமார் இயக்கியது, 2023. கதை நடப்பது 1990-இல், புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம். பெண் பெரியவளானால் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் செய்துவிடுவார்கள், மீறினால் தெய்வக் குற்றம். தமிழ்ச்செல்விக்கு டாக்டர் ஆக வேண்டும். அதனால் தான் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள். எட்டுப் பகுதிகள், ஒரு முழு மழைநாளுக்குச் சரியாக இருக்கும். தாத்தாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பேச்சு வரும்போது காபி குடிக்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போகாதீர்கள். உட்கார்ந்து பாருங்கள். என் பேத்தி என்னைக் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது, அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசியதில்லை.

ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று, 'யெஸ் மினிஸ்டர்'. அதன் தொடர்ச்சி 'யெஸ், பிரைம் மினிஸ்டர்'. பி.பி.சி. தொடர், 1980-இல் தொடங்கியது. இரண்டும் சேர்த்து 38 பகுதிகள், பெரும்பாலும் அரை மணி. ஒரு ஆஸ்பத்திரி வருகிறது பாருங்கள், ஐந்நூறு ஊழியர்கள், ஒரு நோயாளி கூடக் கிடையாது. நோயாளி இல்லாததால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அதிகாரி பெருமையாக விளக்குவார். அரசாங்க ஆபீசிலோ வங்கியிலோ வேலை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நம் செயற்குழு உறுப்பினர்கள் தனியாகப் பார்ப்பது நல்லது. (சிரிப்பு)

இளைஞர்கள் 'ஃபிரண்ட்ஸ்' எங்கே என்கிறார்கள். 236 பகுதி இருக்கிறது, அவர்களே பார்த்துக்கொள்வார்கள், என் சிபாரிசு தேவையில்லை.

இப்போது ஏற்பாடு பற்றி. கரண்ட் போனால் வைஃபை போகும், டவர் போகும். 2015-இலும் 2023-இலும் பார்த்தோம். ஆகவே மழைக்கு முன்பே போனிலோ டேப்லெட்டிலோ டவுன்லோட் செய்து வையுங்கள். ஓ.டி.டி. ஆப்களில் அந்த வசதி இருக்கிறது. தெரியாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், இல்லையென்றால் பத்தாவது படிக்கிற எந்தப் பிள்ளையையும் கேளுங்கள். ஆனால் முழு சார்ஜையும் தொடரில் தீர்த்துவிடாதீர்கள், அவசரத்துக்கு ஒரு போனைத் தொடாமல் வையுங்கள். அடுத்த பகுதி தானாக ஓடும் அமைப்பை அணைத்து வையுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் எழுந்து வீட்டுக்குள் நாலு நடை நடக்க வேண்டும், இல்லையென்றால் கால் வீங்கும். நம் வயசுக்கு இது முக்கியம்.

கடைசியாக, இந்த ஹால். மழையில் கரண்ட் போனால் தினமும் மாலை நாலு முதல் ஆறு வரை இங்கே டி.வி. போடலாம் என்று போன கூட்டத்தில் கேட்டிருந்தேன். "டீசல் விற்கிற விலையில் சினிமாவா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன். தண்ணீர் ஏற்றவும் லிஃப்டுக்கும் எப்படியும் ஜெனரேட்டர் ஓடும். அதே நேரத்தில்தான் டி.வி.யும் போடப் போகிறோம். அந்த மோட்டாருக்கு முன்னால் இந்த டி.வி. இழுக்கிற மின்சாரம் பழைய சீலிங் ஃபேன் இரண்டு ஓடுகிற அளவுதான். அதற்குப் பதிலாக என்ன கிடைக்கும்? யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரியும். தினம் வருகிற ஒருவர் அன்றைக்கு வரவில்லை என்றால், நாலரை மணிக்கு ஒருவர் போய்க் கதவைத் தட்டலாம். மூன்றாவது மாடி அம்மாவிடம் இதைச் சொன்னேன். "மர்மதேசம்னா நான் வரமாட்டேன், மால்குடின்னா வரேன்" என்றார்.

செயற்குழு சரி என்றால், செக்யூரிட்டி மேசையில் ஒரு அட்டைப் பெட்டி வைக்கிறேன். உங்களுக்குப் பிடித்த தொடரின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதிப் போடுங்கள். எண்ணிக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன், பழக்கம்தான். இந்தித் தொடர் வந்தால் கீழே எழுத்து ஓடும், பொடியாக இருக்கும். படிக்கிற கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.